இருநூற்றெட்டாவது தவணை

இருநூற்றேழு வாரம் ஒழுங்காப் போன வண்டிக்கு இருநூற்றெட்டாவது வாரத்துலதான் வந்து சேர்ந்தது வினை.

விஷயம் இதுதான். நம்ம டிரைவர் நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லாரியை லீஸுக்கு எடுத்தார். கம்பெனி கொடுக்கிற லோடைத்தான் ஏத்தணும். அந்தக் கூலியிலேயே வாராவாரம் தவணையைக் கம்பெனி கழிச்சுக்கும். எல்லாம் முடிஞ்சா வண்டி அவர் பேருக்கு வந்துடும். ஒரே ஒரு வாரம் தவறினாலும் போச்சு, அதுவரை கட்டினதெல்லாம் வாடகைன்னு எழுதிட்டு வண்டியைப் பிடுங்கிக்குவாங்க. இதையெல்லாம் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரான்னு கேட்காதீங்க. அவர் பெண்டாட்டி நாலு வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அன்னையிலேருந்து அவர் பேரே மாறிப்போச்சு. டயர் வெடிச்சாலும் இன்சூரன்ஸ் ஏறினாலும் ஆபீஸ்ல அவரை "முதலாளி"ம்பாங்க. ரெண்டு நாள் லீவு வேணும்னு கேட்டா மட்டும் மறுபடி டிரைவர் ஆயிடுவார். பராமரிப்பு நிதின்னு மாசாமாசம் பிடிப்பாங்க, பிரேக்கைச் சரி பண்ணணும்னா அந்த நிதியில இருந்து தர மாட்டாங்க. ஒரு வாரம் வந்த கூலிச் சீட்டுல எல்லாம் கழிச்சு மிச்சம்னு போட்ட இடத்துல, அவர்தான் கம்பெனிக்கு நாற்பது ரூபாய் தரணும்னு இருந்தது. ஏழு நாள் ஓட்டினதுக்கு!

சரி, கடைசி வாரம். திங்கள்கிழமை லோடு இல்லை. செவ்வாய், புதன், ஊஹூம். லோடு பிரிச்சுக் கொடுக்கிற மேடம் தேன் ஒழுகப் பேசினாங்க. "மார்க்கெட் கொஞ்சம் டல்லா இருக்கு முதலாளி." வியாழக்கிழமை ராத்திரிதான் கொடுத்தாங்க, முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்குக்குப் பெயிண்ட் டப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இறக்கி, கிடங்குல பதிவாகணும். அப்பத்தான் கூலி ஏறும், தவணை கழியும்.

கிடங்கு வாசல்ல அவருக்கு முன்னாடி ஒன்பது வண்டி. இறக்குற மேடை ஒண்ணே ஒண்ணு. கேட் காவலாளி நாற்காலியை நிழலுக்கு நகர்த்துறதைத் தவிர வேற எந்த அவசரமும் இல்லாத ஆள்.

பன்னிரண்டு மணிக்குப் பெண்டாட்டி போன் பண்ணினாங்க. பாவம், தன்னோட அக்காகிட்ட கைமாத்து வாங்கிக்கிட்டு நேரா ஆபீஸுக்கே போயிருந்தாங்க.

"ஏங்க, பணத்தை வாங்க மாட்டேங்கறாங்க!"

"என்னது, வாங்க மாட்டாங்களா?"

"கூலியில கழிக்கத்தான் வழி இருக்காம், கையில கட்டுறதுக்கு கம்ப்யூட்டர்ல இடமே இல்லையாம். பணத்தை மேசையில வச்சிட்டு நிக்கிறேன், ஏதோ குப்பையைக் கொட்டின மாதிரி பார்க்கிறாங்க. கடன்காரனைத் தேடிப்போய்க் கொடுத்தா வேண்டாம்னு சொல்றவனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? இந்த லட்சணத்துல எதுக்குத்தான் கையெழுத்துப் போட்டீங்களோ!"

அவருக்கு வாயில நல்லா வந்தது. பெண்டாட்டி காதுல விழ வேண்டாமேன்னு போனை வச்சிட்டுச் சொன்னார்.

மூணு மணிக்கு அவருக்கு முன்னாடி ஒரே வண்டி. அப்ப, பின்னாடி நின்ன நீல வண்டிக்காரர் இறங்கி வந்தார். நரைச்ச மீசை, கழுத்துல துண்டு. கெஞ்சிப் பழக்கமில்லாத ஆள்னு நடையிலேயே தெரிஞ்சது.

"தம்பி, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். என்னை முன்னாடி விட முடியுமா? லீஸ் வண்டி. இன்னிக்குக் கடைசித் தவணை."

டிரைவர் சொன்னார், "அண்ணே, எனக்கும் இன்னிக்குத்தான்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. ஒரே கம்பெனி, ஒரே மேடம், ஒரே கிடங்கு, ஒரே மேடை. மார்க்கெட் எவ்வளவு டல்லுன்னு அப்பத்தான் புரிஞ்சது. பாவிங்க!

"அப்ப நீங்கதானே முன்னாடி வந்தீங்க, நீங்களே போங்க," என்றார் பெரியவர். திரும்பிப் போயிடுவார்னு பார்த்தா, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத் தார்ப்பாயை அவிழ்க்க ஆரம்பிச்சுட்டார். "சீக்கிரம் முடிச்சா எனக்கும் நேரம் இருக்குமில்ல!"

மூணே முக்காலுக்கு மேடை கிடைச்சது. மனுஷங்களா அவங்க? டப்பாக்களை ரெண்டு ரெண்டா தூக்கினாங்க. இறக்குற ஆட்களே ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. நாலு இருபதுக்குக் கிளார்க் முத்திரை குத்தினார். வண்டியை வெளியே எடுத்த வேகத்துல கதவைக்கூடச் சாத்தாம ஓடி வந்து, பெரியவர் வண்டியில ஏறினார் டிரைவர். கை தோள்ல இருந்து கழண்டு விழுந்துடும் போல இருந்தது. நாலு ஐம்பது, நாலு ஐம்பத்தஞ்சு. இன்னும் நாற்பது பெட்டி. கிளார்க்கைக் கெஞ்சினார், அதட்டினார், கையைப் பிடிச்சார்.

"சார், அஞ்சானா கம்ப்யூட்டர் அதுவா மூடிக்கும். நான் என்ன பண்றது?"

அஞ்சு பத்துக்குக் கடைசிப் பெட்டி இறங்கிச்சு. பெரியவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "உங்களுக்கு ஆச்சுல்ல?" என்றார். டிரைவர் குனிஞ்சு அவரோட தார்ப்பாயை மடிக்க ஆரம்பிச்சார்.

சனிக்கிழமை காலையில வண்டி அவர் பேருக்கு மாறிட்டதா சேதி வந்தது. பெண்டாட்டி சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து வாயில ஒரு பிடி போட்டாங்க. அவருக்கு அது இனிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துல மேடமே கூப்பிட்டாங்க.

"வாழ்த்துகள் முதலாளி! உங்களை மாதிரி ஆளுக்குன்னே ஒரு வண்டி வந்திருக்கு. நீல கலர். இன்னிக்கு விடியக்காலைதான் திரும்பி வந்தது. குழந்தை மாதிரி பார்த்துக்கிட்ட வண்டி, முன்பணமே வேண்டாம். ஆள் போட்டு ஓட்டிக்கலாம்."

அவர் கேட்டார். "அதுக்கு எத்தனை தவணை பாக்கி மேடம்?"

"இருநூற்றெட்டு," என்றாங்க மேடம்.