இரண்டு இருபதுக்குத் தணியும் பம்ப்

பம்பின் சத்தம் திடீரென்று இறங்கியதும் கன்ட்ரோல் ரூமில் பேச்சு நின்றுபோனது. யாரும் எதையும் தொடவில்லை. திரையில் கழுவும் வால்வு தானாகத் திறந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து கிளம்பவிருந்த ராஜேந்திரன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் இரண்டு இருபது.

“அண்ணாத்த, உன் தம்பி டூட்டிக்கு வந்துட்டாரு,” என்றான் கலைவாணன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். தம்பி பெஞ்சமின் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் பார்த்த மதிய ஷிஃப்டுக்குத்தான் கலைவாணன் வந்திருந்தான்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் அந்தப் பிளான்ட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஆபரேட்டர்கள். அண்ணன் காலை ஷிஃப்ட் முடித்து இரண்டு மணிக்கு எழுந்த நாற்காலியில் தம்பி உட்காருவான். அப்பா வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் வயலில் குனிந்தே காலம் தள்ளியவர். கழுத்தில் அடையாள அட்டையோடு நிமிர்ந்து நடந்த முதல் இரண்டு பேர் இவர்கள். அந்த நிமிர்வை ராஜேந்திரன் ஒரு நாளும் தளர்த்தியதில்லை.

இப்போது பம்பை ஓட்டுவது கம்ப்யூட்டர். மானசா என்ற இன்ஜினியர், ஒன்பது வருஷ லாக் புக்கையும் டூட்டிப் பட்டியலையும் ஊட்டி ஒரு மாடல் செய்திருந்தாள். கடல்நீரின் உப்பு, சூடு, உப்பை வடிகட்டும் மெம்பரேனில் சேர்ந்த அழுக்கு எல்லாவற்றையும் பார்த்து எவ்வளவு அழுத்தம் கொடுப்பது, எப்போது கழுவுவது என்று மாடல் முடிவு செய்யும். சோதனை ஓட்டத்தின் இரண்டாவது வாரம் இது. சில நாட்களில் மட்டும், சரியாக இதே நேரத்தில், பம்ப் தணிந்து இருபது நிமிஷம் மெம்பரேனைக் கழுவிவிட்டுப் பழையபடி ஏறியது.

“இது உங்க தம்பியோட பழக்கம் சார்,” என்றாள் மானசா. “அவர் ஷிஃப்ட்ல எத்தனையோ நாள் இப்படிப் பண்ணியிருக்கார். மாடல் அதை அப்படியே கத்துண்டிருக்கு.”

“காரணம்?”

“அதுதான் இல்லை. லாக் புக்ல டிபி ஒண்ணு புள்ளி ரெண்டுலயே நிக்கறது. அழுக்கு சேராதப்போ எதுக்குக் கழுவணும்?”

டிபி என்பது மெம்பரேனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். அழுக்கு சேர்ந்தால் அது ஏறும்.

“ஆபரேட்டர் பிழைன்னு ரிப்போர்ட்ல போட்டு, அந்த நாட்களை மாடல்லேர்ந்து எடுத்துடறேன். வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசுக்குப் போகணும்.”

“எங்க வூட்ல வேலையில பிழை பண்றவன் எவனும் கிடையாது மேடம்.”

“பேர் போட்டாகணும் சார். நான் என்ன பண்ண?”

செத்தவன் வந்து பதில் சொல்ல முடியாது. ராஜேந்திரன் அந்த நாட்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினார். டூட்டிப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பம்ப் தணிந்த அத்தனை நாளும் காலை ஷிஃப்டில் இருந்தவர் அவரேதான். இந்த இரண்டு வாரத்திலும் அப்படித்தான்.

கலைவாணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “பாத்தியா? நீ இல்லாத நாள்ல வர்றதில்ல. உன்னப் பாக்கத்தான் வராரு.”

“வாய மூடுடா.”



பழைய லாக் புக்கை எடுத்தார். டிபி கட்டத்தில் அவர் கையெழுத்து. ஆறு மணிக்கு 1.2. ஏழுக்கு 1.2. எட்டுக்கு 1.2. எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியவை.

டிபி மீட்டரை ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு எண் அனுப்பும் கருவி உப்புக்காற்றில் துருப்பிடித்துப்போய் வருஷக்கணக்காகிறது. இருபத்திரண்டு இரும்புப் படி இறங்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் அவருக்கு முழங்கால் போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத் தான் இறங்குவதை கான்ட்ராக்ட் ஆட்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். ராத்திரி ஷிஃப்ட் விட்டுப்போன எண்ணையே இரண்டு மணிவரை எழுதினார். உட்கார்ந்த ரீடிங் என்று ஆபரேட்டர்கள் அதைச் சொல்வார்கள். அதற்காக மற்றவர்களை அவரே ஏசியிருக்கிறார்.

அதற்குக் கீழே பெஞ்சமினின் உருண்டை எழுத்து. இரண்டு மணிக்கு 1.2.

மறுநாள் ஒன்றரை மணிக்கு ராஜேந்திரன் படியிறங்கினார். கீழே பைப்புக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மீட்டரின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் ஒட்டிக்கொள்ளும், தட்டிப் பார் அண்ணா என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

முள் 1.7ல் நின்றது.

அவன் தினமும் இறங்கிப் பார்த்திருக்கிறான். பார்த்ததை எழுதினால் எட்டு மணி நேரமாக உன் அண்ணன் என்ன செய்தார் என்று கேட்பார்கள். அதனால் பம்பைத் தணித்து, கழுவிவிட்டு, அண்ணன் எழுதிய எண்ணையே தானும் எழுதியிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அண்ணன் இருந்த நாளில் கழுவ வேண்டும் என்று மாடல் கற்றது அதைத்தான். அவன் போன பிறகு கழுவ ஆளில்லை. கலைவாணனும் பெரியவர் எழுதியதையே எழுதினான். போன வருஷம் மெம்பரேன் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தபோது எல்லோரும் கடலைத்தான் குறை சொன்னார்கள்.

ராஜேந்திரன் அங்கேயே நின்றார். இரண்டு இருபதுக்குப் பைப்புக்குள் ஓசை மாறியது. அவர் கண்முன்னே முள் நடுங்கி, மெல்ல இறங்கி, 1.2க்கு வந்து நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மேலே ஏறியதும் மானசாவின் மேஜைக்கு முன் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

“தம்பி நாட்களை எடுக்காதீங்க மேடம். என் ரீடிங்க எடுங்க.”

“நாலு வருஷத்து ரீடிங் சார்.”

“நாலு வருஷமும்தான். பேரை முழுசா போடுங்க. இனிஷியல் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு. வெறும் இனிஷியல் போட்டா அவன்னு நெனச்சிப்பாங்க.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்.

அடுத்த வாரம் புதிய மாடல் ஓடியது. ராஜேந்திரன் மணிக்கொரு தரம் கம்பியைப் பிடித்துப் படியிறங்கி, கண்டதை எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். 1.2. 1.3. 1.4. பதினொரு மணிக்கு 1.5 என்று பதிந்ததும் கம்ப்யூட்டர் தானாகக் கழுவியது. காரணம் தெரிந்து கழுவியது.

இரண்டு மணிக்கு கலைவாணன் வந்தான். ராஜேந்திரன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“இன்னா அண்ணாத்த, வூட்டுக்குப் போவல?”

“போறேன்.”

இரண்டு இருபது ஆயிற்று. பம்ப் தணியவில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாற்பதுவரை அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.