ஒன்பதடி நாற்காலி

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தின் நேர்முகத் தேர்வு அறையில், பதில் சொல்பவரின் நாற்காலி தரையை விட்டு எழும்பும். முதல்முறை எழும்பியபோது மேலாளர் மின்விசிறியைக் கழற்றச் சொன்னார். மறுவாரம் சுவரில் அடிக்கணக்குக் கோடு போடச் சொன்னார். கருவி எதைக் காட்டினாலும் எழுதிக்கொள்வது அங்கே பழக்கம். எதை அளக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குழுவாக வேலை செய்ய மிகவும் பிடிக்கும் என்றவர் ஆறடி போனார். சம்பளம் முக்கியமில்லை என்றவர் ஒன்பதடி போய்க் கூரையில் தலையை இடித்துக்கொண்டார், அன்றே வேலையில் சேர்ந்தார். மேலே போனவரிடம் பெயரைக் கேட்டால் போதும், சொல்லிக்கொண்டே இறங்கிவிடுவார். பதினோரு வருடம் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். அந்த ஒன்பதடிக்காரர்கள் கையெழுத்திட்ட அறிக்கைகளில் எல்லாத் தெருத் தண்ணீரும் சுத்தமாக இருந்தது. தெருக்களில் வயிற்றுவலி மட்டும் குறையவில்லை.

அண்ணன் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் ஒரு பெண், வேதியியல் படித்தவள், தன் ஐந்தாவது நேர்முகத் தேர்வுக்கு அங்கே வந்தாள். இதுவும் கைநழுவினால் திங்கட்கிழமையிலிருந்து பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். ஒரு சொட்டில் குடுவை முழுக்க நிறம் மாறுவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அறைக்கதவு சரியாகச் சாத்தாது.

அவள் முறை வந்து போனபோது உள்ளே மேலாளரும் தலைமை வேதியியலாளர் அம்மாளும் இருந்தார்கள். உங்கள் பலம் என்ன என்றார் மேலாளர். அதிகம் பேசமாட்டேன் என்றாள். பலவீனம்? அதேதான் என்றாள். எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்றதற்கு, பஸ் மாறாமல் வந்துவிடலாம் என்றாள். நாற்காலி அசையவில்லை. மேலாளர் மூன்று பூஜ்யம் எழுதிவிட்டு, பாவம் என்று கடைசிப் புதிரைப் போட்டார். இரண்டு பேர், ஒருவர் உண்மையே பேசுவார், மற்றவர் பொய்யே பேசுவார், யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"ரெண்டு பேரையும் இந்த நாற்காலியில உக்காரவெச்சா தெரிஞ்சிடும் சார்."

அம்மாள் பேனாவை மூடினார். பெண் தலையைக் குனிந்தபடியே விளக்கினாள்: "எனக்கு முன்னாடி வந்தவர் லேட்டாகி, மூச்சு வாங்க ஓடி வந்தாரு. உள்ள வந்து, நேரம் தவறினதே இல்லைன்னாரு. மேல போயிட்டாரு."

பிறகு அம்மாள், "நீங்க ஒருதரம் உக்காந்து பாருங்களேன் சார்" என்றார். பெண் எழுந்து இடம் விட்டாள். மேலாளர் உட்கார்ந்தார்.

"எனக்கு இது ஆரம்பத்துலயே தெரியும்" என்றார்.

ஒன்பதடிக் கோட்டைத் தொட்டுக் கூரையில் முட்டி நின்றார். பெயரைக் கேட்க அம்மாளுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து சுவரின் கோடுகளைப் பார்த்த மேலாளர், "வேலை உனக்குத்தாம்மா" என்றார். நாற்காலி மெதுவாக இறங்கியது.

இப்போது அது அறிக்கை மேசைக்கு முன்னால் கிடக்கிறது. கையெழுத்துப் போடுபவர் அதில் உட்கார்ந்து முடிவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் மாதமே நாற்பது தெருக்களில் குழாய் மாற்றினார்கள். மற்றபடி ஒட்டடை அடிக்கும் நாளில் மட்டும் நாற்காலியை வெளியே எடுப்பார்கள். மேலாளர் துடைப்பத்தோடு ஏறி உட்கார்ந்து, இந்த வேலை தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பார்.