சத்தம் போடாதவர்கள்

அரங்கத்து நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள் துப்புரவுக்காரி. நீல உறை. முதுகுப் பக்கம் நாடா கட்ட வேண்டும். முடிச்சு கோணினால் மேற்பார்வையாளர் அவிழ்த்துக் கட்டச் சொல்வார். மகள் பின்னாலேயே வந்தாள். பதினேழு வயது, அம்மாவைவிட ஒரு சாண் உயரம். கட்டிய நாடாவை விரலால் நீவி, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

மேடையில் 'ஆட்டிசம் விழிப்புணர்வு விழா' என்ற பேனர் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குப் பார்த்தா இதையும் இழுத்துட்டு வருவ?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஸ்கூல் லீவு சார். டீச்சருங்க எல்லாரும் இந்த விழாவுக்குத்தான் வர்றாங்க."

"அப்ப அவங்களோட வர வேண்டியதுதானே?"

"சத்தம் போடாத பிள்ளைங்கள மட்டும்தான் கூட்டிட்டு வர்றாங்களாம்."

"நல்லதுதான். விருந்தாளி இருக்கறப்ப இங்க சத்தம் கித்தம் வந்துச்சு, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். வீட்லயே கச்சேரி வெச்சுக்கோங்க."

மைக் செட்காரர் ஒலிபெருக்கியைச் சோதித்தார். கீச்சென்று ஒரு இழுப்பு. மகள் காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். நாற்காலிக் காலில் நெற்றியை முட்டினாள். அம்மா ஓடிவந்து இரும்புக்கும் நெற்றிக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தாள். மகள் முட்டி ஓயும் வரை கையை எடுக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்."

"கம்மியா வெச்சா மைக்கே வெக்கலன்னு கூலியப் புடிச்சுப்பாங்கம்மா. போன கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் காது அடைச்ச பிறகுதான் எனக்குக் காசு வந்துச்சு." அவர் மகளைப் பார்த்தார். "சரி, பின்னாடி ஸ்பீக்கர் பெட்டிய நிறுத்தறேன். அங்க உக்கார வைங்க. கேட்டா ஒயர் போச்சும்பேன்."

ஒரே மாதிரி பனியன் போட்ட எட்டுப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார் டீச்சர். மகள் எழுந்து நேரே போய், தினமும் பள்ளியில் செய்வதுபோல, டீச்சரின் வளையலைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் வாசலைப் பார்த்தார். "இவள ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க? போட்டோ எடுக்கறவங்க வர்ற நேரம்." மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "கத்தினா, நாங்க என்ன சொல்லிக் குடுத்தோம்னு கேப்பாங்க."

"அமைதியா இருக்கற பிள்ளைங்களக் காட்டி யாருக்கு என்னத்தப் புரிய வெக்கப் போறீங்க டீச்சர்?"

டீச்சர் குனிந்து ஒரு பிள்ளையின் பனியனை இழுத்துவிட்டார்.

விருந்தாளி பேசத் தொடங்கினார். பின்வரிசையில் யாரோ கையைத் தூக்கி, கேட்கவில்லை என்றார்கள். மேற்பார்வையாளர் மைக் செட்காரரின் தோளுக்கு மேல் குனிந்தார்.

"ஒயரு சார்..."

"ஒயரா? உன் வாடகையில பாதிய வெட்டினா தன்னால சரியாகும்."

பின்னாலிருந்த பெட்டி அலறியது. அதற்கு மேல் மகள் அலறினாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒருவர், "யாரு இது? வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார்.

மேற்பார்வையாளர் மகளின் கையைப் பிடித்து இழுக்க, "நீங்க தொடாதீங்க, நானே கூட்டிட்டு வர்றேன்" என்று அம்மா இடையில் புகுந்தாள். மேடைக்கு அடியில் சாமான் அறை இருந்தது. துடைப்பம், வாளி, பினாயில் கேன்.

"உள்ள போங்க. வாசல் பக்கம் கேமரா நிக்குது."

"இங்க மூச்சு முட்டும் சார்."

"அரை மணி நேரந்தான். நாளைக்கு நீ வேலைக்கு வர்றதா வேண்டாமாங்கறத அப்புறம் பேசிக்கலாம்." வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டில் மகளின் தலையைத் தேடி எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். தலைக்கு மேல் மேடைப் பலகை விருந்தாளியின் குரலில் அதிர்ந்தது.

"இந்தக் குழந்தைகளைப் பூட்டி வைக்காதீர்கள். தயங்காமல் வெளியே அழைத்து வாருங்கள். உங்கள் குழந்தையைக் கண்டு நீங்களே வெட்கப்பட்டால் ஊர் எப்படி மதிக்கும்?"

கைதட்டினார்கள். பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டியது. இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் காதுகளை இறுக்கி அழுத்திக்கொண்டிருந்தாள். தன் காதுகளை மூட அவளிடம் வேறு கை இல்லை.