கேசரியின் நான்கு மூலக்கூறுகள்

தொண்டாமுத்தூர் அங்கப்பன் வீட்டுக் கூடத்தில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த கிருபாசங்கர் அதைத் தொடவில்லை.

பெண் பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை பெண் வீட்டில் கை நனைப்பார். ஒரு வாய் உள்ளே போய்விட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஆகவே கேசரி ஆற ஆற அங்கப்பனின் முகம் வாடியது.

"ஏனுங்க மாப்பிள்ளை, பொண்ணைப் புடிக்கலீங்களா?"

"பொண்ணு ஓகேங்க மாமா. கேசரிதான் ஆகாது. கார்போ."

யாரோ இறந்துபோன செய்தியைப் போல அதைச் சொன்னான். கொஞ்ச காலமாக அவனுக்குக் காலையில் ஜிம், மற்ற நேரமெல்லாம் யூடியூப்.

பஜ்ஜி வந்தது. "ஃபேட்டுங்க." வாழைப்பழம் வந்தது. "அதும் சுகருங்க." கடைசியில் பையிலிருந்து ஒரு குடுவையை எடுத்துக் குலுக்கினான். உள்ளே புரோட்டீன் பழுப்பாக நுரைத்தது.

"நம்மூட்டுத் தண்ணியில கலக்குனீங்கன்னா கை நனைச்ச கணக்குதானுங்களே?" என்று பெண்ணின் அம்மா ஆசையோடு கேட்டாள்.

"தண்ணியும் கொண்டாந்துட்டானுங்க," என்றாள் அவன் அம்மா முத்தாத்தாள். அது பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை.

சமையலறை வாசலில் நின்ற மணப்பெண் மோகனப்பிரியாவுக்குச் சிறகு முளைத்தது. கோவையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. "மாப்பிள்ளை ஊட்ல வேண்டான்னுட்டா நீ தாராளமாப் போ அம்மணி," என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்று பெண் சொல்வதற்கு வழக்கத்தில் ஒரு பலகாரமும் ஒதுக்கப்படவில்லை. கிருபாசங்கர் இப்படியே பட்டினி கிடந்தால் போதும்.

ஆனால் அவன் பேச ஆரம்பித்தான்.

"மனுச உடம்பே புரோட்டீன்தானுங்க மாமா. டிஎன்ஏவே சுத்தமான புரோட்டீன். அதுல ஒரு துளி சர்க்கரை இருக்குதுங்களா?"

மோகனப்பிரியா பல்லைக் கடித்தாள். பெங்களூரை நினைத்தாள்: தூறல் விழும் தெரு, ஜன்னலோரம் தனக்கென்று ஒரு மேசை. நினைத்துக்கொண்டே கூடத்துக்கு நடந்துவிட்டாள்.

"தப்புங்க. டிஎன்ஏ நியூக்ளிக் அமிலம். சர்க்கரையக் கோத்துக் கோத்துத்தான் அதோட சரமே நிக்குது."

"எனக்குள்ளயும் சர்க்கரைங்களா?"

"கொழுப்பும்தானுங்க. செல்லைச் சுத்தி இருக்கற சவ்வு பெரும்பாலும் அதுதான். அது இல்லீன்னா நீங்க இந்தச் சேர்லயே ஒழுகிப் போயிருப்பீங்க." அவளால் நிறுத்த முடியவில்லை. "இந்தக் கேசரியப் பாருங்க. ரவையும் சர்க்கரையும் கார்போஹைட்ரேட். நெய் கொழுப்பு. முந்திரியில புரோட்டீன். ரவை கோதுமைதானுங்களே, அதோட டிஎன்ஏவும் துளியூண்டு இருக்கும். நாலும் ஒரே தட்டுல."

கிருபாசங்கர் குடுவையைக் கீழே வைத்தான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டான். கண்களை மூடினான். அடுத்த வாய்க்கு ஸ்பூன் தேவைப்படவில்லை.

"கை நனைச்சாச்சு!" என்று கூவினாள் முத்தாத்தாள்.

மோகனப்பிரியாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது.

அங்கப்பன் எழுந்து கும்பிட்டார். "பொண்ணே பேசிச் சாப்பிட வெச்சுப்போட்டாளுங்க. அப்புறமென்ன, ரண்டு பேருக்கும் சம்மதம்!"

முதலாண்டு மாணவர்களின் விடைத்தாளில்கூட அவள் ஒரு பிழையை விட்டுவைத்ததில்லை.

"அப்பா, தப்புங்க," என்றாள். "சாப்பிட்டது ஒருத்தர்தானுங்க."