ஹாஜரா கட்டிய கதை

ஜாபிர் வேறொருத்தியோடு ஓடிப்போய்விட்டான் என்று பபேடான் கடைத்தெரு முழுக்க நம்பியது. அந்தக் கதையைக் கட்டிவிட்டவள் அவன் மனைவி ஹாஜராதான்.

2007 செப்டம்பரில் அரசை எதிர்த்துப் போன புத்த பிக்குகளின் ஊர்வலத்தைப் பர்மியப் பட்டாளம் சுட்டுக் கலைத்தபோது, தலையில் ரத்தம் வழிய ஓடிவந்த இளம் பிக்கு ஒருவரை ஜாபிர் தன் துணிக்கடைக்குள் இழுத்து ஷட்டரை இறக்கினான். யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். மறுநாள் படத்தோடு பட்டாளத்து ஆட்கள் வந்தபோது அவன் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். புருஷன் எங்கே என்று வார்டு அலுவலகத்தார் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஹாஜரா தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மோல்மீன் ஊர்க்காரியோடு போய்விட்டார் என்றாள். சிரித்தார்கள். நம்பிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, முன்பே சொல்லியனுப்பிய நேரத்தில், அவளுக்கு மலேசியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அதே நகரின் தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் அவள் தோழி புஷ்பலதாவின் வீட்டுத் தொலைபேசிக்கு. புஷ்பலதாவின் கணவன் சுந்தர் அரசாங்க குமாஸ்தா. அவன் அதே அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் கமலாட்சி. உங்க வீட்டுக்காரரோட அகதி மனுவுக்கு உதவி பண்றேன். அதை அகதி ஆபீஸ்ல தள்ளிட்டாங்க. எந்தக் கட்சி, என்ன கொள்கைன்னு கேட்டாங்களாம், அவருக்குச் சொல்லத் தெரியல. போதாததுக்கு, உங்க தெருவுலேருந்து வந்த ஒருத்தர், இவர் பொம்பளை விஷயமா ஓடிவந்தவர்னு சொல்லிட்டார். அப்பீல் இருக்கு. உண்மை எதுன்னு நீங்க சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறேன்."

ஹாஜரா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். வெளிநாட்டு அழைப்புகளை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று ஊரே சொல்லும். சுந்தரின் பத்திரிகை வெகுநேரமாய்ப் பக்கம் திரும்பவில்லை. பொம்பளை விஷயம்தான் என்று சொல்லிவிட்டால் அவள் தப்பிக்கலாம். ஆனால் ஜாபிரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"பொம்பளை எவளும் இல்ல. அது நான் கட்டின கதை. இல்லேன்னா என்னையும் புள்ளைகளையும் அள்ளிட்டுப் போயிருப்பாங்க."

"அவர் அரசாங்கத்துக்கு எதிரானவரா?"

"அவுக எந்தக் கட்சியிலயும் இல்ல. அடிபட்டு வந்தவரை உள்ளே சேத்தாக. பட்டாளம் தட்டுனப்போ தொறக்கல. அதுவே இவங்களுக்கு எதிர்ப்பாப் போச்சு. படத்தைக் காட்டி மெரட்டுனவங்க யாரும் அவுக கொள்கையைக் கேக்கல."

"அந்த பிக்கு எப்படி வெளியே போனார்?"

ஹாஜரா சுந்தரைப் பார்த்தாள். அவன் பத்திரிகையைத் தாழ்த்தியிருந்தான்.

"அவருக்கு என் புர்காவைப் போட்டுவிட்டு நான்தான் கூட்டிட்டுப் போனேன். பொம்பளை உடுப்பைப் பிக்கு தொடக்கூடாதுன்னு அழுதார், பாவம்."

மறுமுனையில் கமலாட்சி அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "அவரும் இதையேதான் சொன்னார். யாரும் நம்பல" என்றாள்.

ஹாஜரா ரிசீவரை வைத்ததும் சுந்தர் எழுந்தான். "எங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. இனிமே இந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீங்க."

புஷ்பலதா ஹாஜராவுக்காகக் கொண்டுவந்த தேநீரைக் கையில் ஏந்தியபடி தலைகுனிந்து நின்றாள்.

அதன்பின் கதவு தட்டப்படும்போதெல்லாம் ஹாஜரா பிள்ளைகளைப் பின்கட்டுக்கு அனுப்பினாள். விசாரிக்க யாரும் வரவில்லை. சுந்தர் வாய் திறக்கவில்லை என்று அவள் மெல்லத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் புஷ்பலதா, இப்போது ஹாஜரா நடத்திவந்த துணிக்கடைக்கு வந்து துணியைப் புரட்டுவதுபோல் குனிந்து, "அந்த பிக்கு உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றாள் ஹாஜரா.

மழை ஓய்ந்த பிறகு, கோலாலம்பூர் போய்வந்த ஒரு வியாபாரி சேதி கொண்டுவந்தார். அப்பீலில் ஜாபிரை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தை அழைக்க வழி பார்க்கிறான். மறுநாளிலிருந்து ஹாஜரா கடைத் துணிகளை வந்த விலைக்குத் தள்ளத் தொடங்கினாள். கேட்டவர்களிடம் வியாபாரம் சரியில்லை என்றாள்.