விழாத ரேகை

ஒன்றரைக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். மணி ஒன்றேகால். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு மையத்தின் வாசலில், கைரேகைக் கருவி, அக்காவோடு வந்திருந்த சின்னவளின் கட்டைவிரலை மூன்றாவது தடவையும் ஏற்காமல் சிவப்பாக மின்னியது.

"நல்லா துடைச்சிட்டு வைம்மா," என்றார் அதிகாரி.

துடைத்தாள். வேர்வை ஊறிக்கொண்டே இருந்தது. மறுபடி சிவப்பு.

அவளுக்கு இரண்டு வருடமாக அக்காவோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தக்கறை போகச் சலவைக் காரத்தில் ஊறிய துணிகளை அலசி அலசி, விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தன.

"ஆள் மாறாட்டமா இருக்கும்," என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

போன வருடம் வேலைக்குப் போகும் வழியில், ஆள் மாறாட்டம் என்று இதே வாசலில் ஒருத்தியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

தடுப்புக் கம்பிக்கு வெளியிலிருந்து அக்கா கத்தினாள். "சார், என் கையைப் பாருங்க சார்! எனக்கும் இப்படித்தான். ஒரே தொட்டியில துவைக்கிறவங்க சார் நாங்க!"

"ஓரமா நில்லும்மா. மேடம்கிட்ட கேக்கணும்."

மணி ஒன்று இருபத்தாறு. இதயத்துக்கு எத்தனை அறை என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது.

மேற்பார்வையாளர் அம்மாள் மெதுவாகத்தான் வந்தார். புகைப்படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதிக் குடு. பின்னால ரேகை பொருந்தலைன்னா தேர்வு செல்லாது. கேஸும் வரும். புரியுதா?"

கையெழுத்தும் மாறிவிட்டால்? மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். உள்ளே காலெடுத்து வைத்ததும் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முதல் இருபது நிமிடம் கேள்வி எதுவும் தலையில் ஏறவில்லை. பிறகு எப்படியோ எழுதினாள்.

முடிவுகள் வந்த அன்று அவள் எண்ணுக்கு எதிரே 'நிறுத்திவைப்பு' என்றிருந்தது. ஏழு வாரம். சலவைக்கூடத்துக் கதவை யார் தட்டினாலும் போலீஸோ என்று எட்டிப் பார்ப்பாள். கடைசியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்ததில், இடது மோதிரவிரல் மட்டும் ஆதாரில் பதிந்திருந்த ரேகையோடு பொருந்தியது. இடம் கிடைக்கப் போதுமான மதிப்பெண்ணும் இருந்தது.

"அப்புறம் ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அக்கா.

"காலேஜ்ல சேர்றப்பவும் கை வைக்கணுமாம்க்கா."

மறுநாளிலிருந்து அக்கா அவளைத் தொட்டிப் பக்கமே அண்டவிடவில்லை. இரண்டு பேர் துணியையும் தானே இழுத்துப் போட்டுத் துவைத்தாள்.