பத்து அடி

என் அறையிலிருந்து இறங்கி இடதுபக்கம் திரும்பி, அடுத்த முனையில் மறுபடி இடது, மறுபடி இடது என்று போனால் கடைசியில் என் அறை வாசலே வந்துவிடும். நாலு தெரு, நாலு முனை, அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. காலையில் மூன்று சுற்று, சாயங்காலம் மூன்று சுற்று. டாக்டர் சொன்னாரா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். டாக்டர் சொன்னது மாத்திரை மட்டும்தான். அறைக்குள்ளேயே இருந்தால் சுவர்க் கடிகாரம் பேச ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை இறங்கும்போது சட்டைப்பையில் போன் கனத்தது. மருமகள் முந்தாநாள் அனுப்பிய சேதி அதற்குள் இருந்தது. ‘மாமா, ஞாயிறு காலை பத்து மணிக்கு லாரி வருது. பன்னெண்டு மணிக்கு நாங்க கிளம்புறோம்.’ அவ்வளவுதான். மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ரயிலேறினால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். நாற்பது வருஷம் துணிக்கடையில் உட்கார்ந்தவன் நான். ஓரத்து நூலை நெருடிப் பார்த்தே எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சேதியையும் அப்படித்தான் இரண்டு நாளாக நெருடிக்கொண்டிருந்தேன். அதில் ‘வாங்க’ என்ற வார்த்தை இல்லை. கூப்பிடாத கடைக்கு நான் திரும்பிப் போனதே கிடையாது.

அது எங்கள் கடைவீதிப் பழக்கம். விலை கேட்கவேண்டும். சொன்ன விலைக்கு முகத்தைச் சுளிக்கவேண்டும். பாதிக்குக் கேட்டு, அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டதும் துணியைப் போட்டுவிட்டு நடக்கவேண்டும். ஐந்தாவது அடியில் கடைக்காரர் இருமுவார். நிற்கக் கூடாது. எட்டாவதில் பக்கத்துக் கடைக்காரரிடம் என்னைத் திட்டுவார். திரும்பக் கூடாது. பத்தாவதில் ‘சரி, வாங்க சார்!’ என்று குரல் வரும். கூப்பிடுகிறவருக்கும் கணக்கு உண்டு. அவசரப்பட்டுக் கூப்பிட்டால் சரக்கு விலைபோகாதது என்று தெரிந்துவிடும். நீ இல்லாமல் நான் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி பத்து அடி நடிக்கவேண்டும். மகனுக்குக் கணக்குப் பாடம் ஏறியதோ இல்லையோ, இது நன்றாக ஏறியது.

முதல் தெருவில் ரொட்டிக்கடை. ஏழு மணிக்கே வரிசை நிற்கும். வரிசையில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், ஆனால் நடுவில் ஒருவர் நுழைந்தால் எல்லாரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். அதற்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு கொடி. அதில் எப்போதும் ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு ஜோடி காலுறை. யார் என்று தெரியாது. போன வாரம் இரண்டு துண்டு காய்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பழையபடி ஒன்றுதான். விருந்தாளி போலிருக்கிறது.

அடுத்தது மருந்துக்கடை. மாதத்துக்கு வேண்டிய மாத்திரையை நான் நாலு தவணையாக வாங்குவேன். “மொத்தமா வாங்கினா தள்ளுபடி உண்டு சார்” என்று அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் தள்ளுபடியை வேண்டாம் என்று சொன்ன ஒரே கடை அது.

இரண்டாம் தெரு முனையில் செருப்புத் தைப்பவர். அவர் மனிதர்களை முழங்காலுக்குக் கீழேதான் பார்ப்பார்.

“சார், நில்லுங்க. வலது செருப்பைக் கழட்டுங்க.” கழற்றிக் கொடுத்தேன். “பாத்தீங்களா, வெளி ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. போன மாசம்தானே அடி வெச்சுக் குடுத்தேன்?”

“உங்க தோல் அப்படி.”

“என் தோலைச் சொல்லாதீங்க. நீங்க ஒரே பக்கமா சுத்துறீங்க. செக்குமாடுகூட லீவுல நேராப் போகும். ஒரு மாசம் வலதுபக்கமா சுத்துங்க, ரெண்டும் சமமாயிடும்.”

“அதுக்கு இன்னொரு செருப்பு வாங்கிடலாமே.”

“வாங்குங்க, யார் வேணாம்னா? உங்களால என் பொழப்பு ஓடுது.” செருப்பை என் காலடியில் வைத்துவிட்டு அடுத்த காலைப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாம் தெருவில் ஒரு அலுவலகத்தின் நீளமான சுவர். வேடிக்கை பார்க்க ஒன்றும் கிடையாது. அதனால் அங்கே வரும்போதெல்லாம் எட்டு மாதத்துக்கு முந்தைய விஷயம் ஞாபகம் வந்துவிடும். மகன் சோபா வாங்கக் கூட்டிப்போனான். குளிர்பதனம் ஓடுகிற, எல்லாவற்றிலும் விலைச் சீட்டு ஒட்டிய கடை. நான் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது விலையா, உங்க போன் நம்பரா?” என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன். பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர் மகனுடைய மேலதிகாரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் வெடித்தான். “போற இடமெல்லாம் என் மானத்தை வாங்குறீங்கப்பா.”

“நான் எங்கடா வாங்கினேன்? விலையே படியலையே.”

மருமகள் சிரித்துவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. “உங்களோட வெளிய வரவே கூச்சமா இருக்கு” என்றான். “அப்ப நான் போறேன்” என்று பையை எடுத்தேன். ஐந்தாவது மாடி. லிஃப்டில் போனால் கூப்பிடுகிற சத்தம் கேட்காது என்று படியில் இறங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பையைக் கை மாற்றினேன். நாலாவது மாடியில் இருக்கும்போது மேலே யாரோ இருமியது கேட்டது. மனசுக்குள் சிரித்துக்கொண்டே இறங்கினேன். கீழே வாசலில் செருப்பு வாரை மாட்டி, அவிழ்த்து, மறுபடி மாட்டினேன். யாரும் கூப்பிடவில்லை. அன்று வைத்த அடிதான் இன்னும் முடியவில்லை.

நாலாம் தெருவில் பழைய சாமான் கடை. நடைபாதை வரைக்கும் சாமான். நடுவில் ஒரு ஸ்டூலில் கடைக்கார அம்மா, சாமானோடு சாமானாக. வெளியில் ஒரு மர மடக்கு நாற்காலி நிற்கும். பக்கவாட்டில் ஒரு கொக்கி. அதைச் சரியாக மாட்டினால் நாற்காலி, தப்பாக மாட்டினால் ஆளோடு மடங்கிவிடும். மூன்று மாதமாகத் தினமும் அதற்கு விலை கேட்கிறேன். என் அறையில் அதை விரித்தால் கதவைத் திறக்க முடியாது. அந்த அம்மாவுக்கு நான் அதைச் சொன்னதில்லை. நான் பாதிக்குக் கேட்பேன். அவள், “இந்த விலைக்கு நாற்காலியோட நிழலைத்தான் தருவேன்” என்பாள். நான் நடப்பேன். சரியாகப் பத்தாவது அடியில், “சார், வாங்க, ஏன் கோவிச்சுக்கிறீங்க!” என்று கூப்பிடுவாள். பத்து நிமிஷம் பேசுவோம். அன்றைக்கு முழுதும் நான் வேறு யாரோடும் அவ்வளவு நேரம் பேசியிருக்கமாட்டேன்.

சனிக்கிழமை மூன்றாவது சுற்றில் வழக்கம்போல் கேட்டேன். சொன்னாள். பாதி என்றேன். நடந்தேன். ஐந்து. எட்டு. பத்து. பதினொன்றாவது அடியைக் குட்டையாக வைத்தேன். பதினைந்தில் குனிந்து காலைச் சொறிந்தேன். முனை வந்துவிட்டது. பின்னால் ஒரு குரலும் இல்லை.

திரும்பக் கூடாதே. அதனால் கணக்கில் இல்லாத நாலாவது சுற்றைத் தொடங்கினேன். அந்தச் சுற்றில்தான் கவனித்தேன், தெரு முழுக்க யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். துணி தேய்ப்பவரை மேல்மாடியிலிருந்து ஒரு பெண் கைதட்டிக் கூப்பிட்டு, கயிற்றில் மூட்டையை இறக்கினாள். சலூன்காரர் துண்டை உதறி, “அடுத்து யாரு? வாங்க” என்றார். மருந்துக்கடையில் யாருடைய சீட்டையோ படித்துப் பெயர் சொன்னார்கள். ஒரு பூனையைக்கூட ஜன்னலில் நின்று ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அது திரும்பவில்லை. நல்ல வியாபாரி.

அறுநூற்றுப் பன்னிரண்டு அடியும் நடந்து மறுபடி பழைய சாமான் கடைக்கு வந்தேன்.

“என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“கூப்பிடலையே.”

“மூணு மாசமா நான்தானே கூப்பிடுறேன்? ஒரு நாளாவது நீங்களா திரும்புறீங்களான்னு பாத்தேன். உங்களுக்கு நாற்காலி வேணாம் சார், கூப்பிட்டாப் போதும். எனக்கென்ன அது தெரியாதா? ஆனா எனக்கும் ஒருத்தர் தானா வந்தா நல்லாயிருக்கும்ல?”

“இப்ப வந்துட்டேனே.”

“சுத்தி வந்தீங்க. திரும்பி வரலை.”

நாற்காலியின் கொக்கியை மாட்டினேன், கழற்றினேன்.

“இதைக் குடுங்க” என்றேன். “நீங்க சொன்ன விலைக்கே.”

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். “ஐயோ, அப்படியெல்லாம் வாங்காதீங்க சார். நான் ஏதோ ஏமாத்தின மாதிரி இருக்கு. கொஞ்சம் கொறைச்சுக் கேளுங்க.”

“மாட்டேன்.”

“நான் சொன்னதே அதிகம். கொறைச்சுக் குடுங்க, ஒரு பேச்சுக்காவது.”

“ஒரு காசு கொறைக்க மாட்டேன்.” நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். பத்தாவது அடியில், “சார், வாங்க, கோவிச்சுக்காதீங்க!” என்று கத்தினாள். திரும்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்த மாதிரியும் இருந்தது. தூசுக் கடை, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியோடு வாசலில் இறங்கி வலதுபக்கம் திரும்பினேன். பழக்கமில்லாததால், என் வாசலைத் தாண்டி நீண்டிருந்த ரொட்டிக்கடை வரிசைமேல் மோதிக்கொண்டேன்.

மகன் வீட்டு வாசலில் லாரி நின்றது. அவன் ஒரு அட்டைப்பெட்டிமேல் ‘சமையலறை’ என்று எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். இளைத்திருந்தான்.

“வந்துட்டீங்களா” என்றான். நேற்றுச் சாயங்காலம் போன ஆளிடம் கேட்கிற மாதிரி.

“லாரி பாக்க வந்தேன்.”

“இது என்ன?”

“நாற்காலி.”

“எவ்வளவுக்கு முடிச்சீங்க?”

“சொன்ன விலைக்கு.”

பேனாவை மூடிவிட்டுக் கிட்டே வந்தான். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தான். “உடம்பு சரியில்லையாப்பா?”

மேலேயிருந்து மருமகள், “மாமா, டம்ளரெல்லாம் கட்டியாச்சு, செம்புல தண்ணி தரவா?” என்று கேட்டாள். நான் நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். அவன் சமையலறைமேல் உட்கார்ந்தான். சோபாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

“அன்னைக்கு நான் இருமினேன்ப்பா” என்றான்.

“கேட்டுச்சு.”

“நீங்க நிக்கலை.”

“இருமலுக்கு நிக்கக் கூடாதுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே.”

“அவசரப்பட்டுக் கூப்பிடக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. பத்து எண்ணிட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். செருப்பு வாரை மாட்டிக்கிட்டு இருந்தீங்க. சரி, இன்னொரு தடவை எண்ணலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள தெரு திரும்பிட்டீங்க.”

செம்புத் தண்ணீர் வந்தது. குடித்தேன். லாரிக்காரர் கயிற்றோடு வந்து நின்றார். “சார், இந்த நாற்காலி வண்டியில ஏறுதா, இல்லையா?”

நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். லாரிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். “யாராவது ஒருத்தர் சொல்லுங்க சார், வெயில் ஏறுது.”

“ஏத்துப்பா” என்றேன். “ஓரமா வை. கொக்கி பத்திரம்.”

பன்னிரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. மகன் கண்ணாடியை இறக்கி, “அந்தக் கொக்கி எங்களுக்கு மாட்டத் தெரியாது” என்றான், சாலையைப் பார்த்துக்கொண்டே.

“மருமக கத்துக்குவா.” பாழாய்ப்போன நாக்கு. பழக்கம். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினான். கார் நகர்ந்தது. நான் நின்ற இடத்திலிருந்து எண்ணினேன். ஐந்து அடி தூரம். எட்டு. பத்து ஆகும்போது என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“டேய்! நானே வந்து மாட்டுறேன்டா!”

கடைவீதியில் ஒருநாளும் நான் அப்படிக் கத்தியதில்லை. பின்விளக்கு ஒரு தடவை சிவந்தது. அப்புறம் முனை திரும்பிவிட்டது. காதில் விழுந்ததோ, இல்லையோ.

நடந்தே திரும்பினேன். பழைய சாமான் கடை மூடியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. நாற்காலி நின்ற இடத்தில் மட்டும் தரை வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. மூன்றாவது மாடிக் கொடியில் ஒரு துண்டு. அங்கே நிற்கும்போது போன் அதிர்ந்தது. மருமகள்.

‘மாமா, நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவசரப்படாதே, பத்து எண்ணிட்டுக் கூப்பிடுறேங்கிறார். இப்ப மூணுல இருக்கார்.’

போனைப் பையில் போட்டேன். வெளியே எடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டேன். மூன்று என்றால் இன்னும் ஏழு. அவனை எனக்குத் தெரியும், மெதுவாகத்தான் எண்ணுவான். அறைக்குப் போனால் கடிகாரம் இருக்கிறது. வலதுபக்கமாகவே ஒரு சுற்று வரலாம் என்று நடக்க ஆரம்பித்தேன்.